உ) பிற

அஞ்செட்டியில் இறங்கிப் பதினோரு கிலோமீட்டர்.
கடைசி மூன்றுக்கு வண்டி கிடையாது,
யானைச் சாணம் காயாத தடம்.
தோளில் டேப்லெட். திரையின் காப்புத்தாளைக்கூட
உரிக்கக் கூடாது என்று உத்தரவு.
நிரப்பிய படிவம் ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
இது இருநூற்றுப் பன்னிரண்டாவது வீடு.

கேள்வி பதினான்கு:
உங்களிடம் சொந்தமாகத் திறன்பேசி உள்ளதா?

கெம்பம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.
ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம்,
நடுவில் அவள்.
"கீது மேடம். ஆனா இங்க இல்ல."

"யாருது?"
"எம் பேருலதான் கீது. சிம்மு எங்கைய வெச்சு வாங்கினது.
போனு பொம்மசந்திராவுல,
எங்கூட்டுக்காரரு சட்டைப் பையில."

ஆம் என்பதா, இல்லை என்பதா?
இல்லை என்று தொட்டேன்.
பதினைந்திலிருந்து முப்பது வரை
பணம் அனுப்புவது, படம் பார்ப்பது, மருத்துவரைத் தேடுவது
எல்லாம் ஒரே தாவலில் பின்னால் போய்விட்டன.
அவளைத் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியாது.
ஒரு சொத்தைக் கொட்டையைத் தூர எறிந்தாள்.

கேள்வி முப்பத்தொன்று: ஏன் இல்லை?
அ) தேவையில்லை
ஆ) விலை அதிகம்
இ) பயன்படுத்தத் தெரியாது
ஈ) வீட்டில் அனுமதியில்லை
உ) பிற

கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கழுவிய தட்டு மாதிரி இருந்தது.
"ரேகையைப் புளி தின்னுடுச்சு. ரேஷன்ல மிஷினு ஏத்துக்கல.
அப்புறம் நம்பரு அனுப்பறாங்க. நம்பரு அங்க போவுது.
அவரு கம்பெனிக்குள்ள இருந்தா போனு லாக்கர்ல.
டீ விடறவரைக்கும் நம்பரு சாகாம இருந்தா
எனக்கு அரிசி."

அடுப்புச் சுவரைக் காட்டினாள்.
கரியால், ஆறு ஆறாக, இலக்கங்கள்.
பத்தொன்பது வரிசை எண்ணினேன்.
"நேரம் தப்பி வந்த நம்பருங்க. டீக்கடை போனுக்குக் கூப்ட்டுச் சொல்வாரு.
வழியெல்லாம் சொல்லிக்கினே வந்து எழுதிருவேன்."
ஒரு வரிசையில் ஐந்துதான் இருந்தது.
"அதுவா? வர்ற வழியில ஒண்ணு வுழுந்துருச்சு."

எதற்கு எழுதி வைக்கிறீர்கள்?
"எத்தனை தரம் நடந்தேன்னு
யாராச்சும் கேட்டா சொல்லணுமில்ல. இப்ப நீங்க கேக்கறீங்க."

நான் அதைக் கேட்கவில்லை.
அது கேள்வித்தாளிலேயே இல்லை.

உ-வைத் தொட்டேன். ஒரு கட்டம் திறந்தது.
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
ரேகை இல்லை போன் உண்டு ஆனால் அது வேறு ஊரி
என்று நின்றது.

தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் சிக்னல் வந்தது.
சிக்னலோடு தனசீலன் சாரும் வந்தார்.
"உங்க படிவத்துல உ பதினேழு வருதும்மா.
இவ்ளோ உ இருந்தா மேல திருப்பி அனுப்பிருவாங்க.
எல்லாம் இ-தான், வேற என்ன?
மாத்திட்டு அனுப்புங்க, பில் போடணும்."

பதினேழு தரம் நாற்பத்தைந்து.
கணக்கு நான் போடவில்லை, அது தானாக வந்தது.
ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
இ. இ. இ.
கெம்பம்மாவுக்கும்
பயன்படுத்தத் தெரியாது.

ஒப்புதலுக்கு ஆறு இலக்க எண் வேண்டுமாம்.
பத்து நிமிடம் செல்லும் என்று போட்டிருந்தது.
என் போன் என் கையிலேயே இருந்தது.
பத்து வினாடி ஆனது.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
ராயக்கோட்டை தாண்டியும்
அந்த எண் என்னை விடவில்லை.
சொல்லிக்கொண்டே வந்தேன்.
கண்ணாடியில் செம்மண் தூசி படிந்திருந்தது.
விரலால் எழுதினேன்.
ஐந்து வரை வந்தது.